பாப்பாவுக்கு இரும்புச் சத்து போதுமா? கைக்குழந்தை ரத்தப் பரிசோதனை பற்றி வாசகர் கேள்விகள்

கைக்குழந்தைக்கு ரத்தம் பார்ப்பது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில்களைக் குழந்தைகள் நல மருத்துவரும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

மகள் பிறந்தபோது மூன்று கிலோ. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் கொடுத்தேன். இப்போது கூழ், இட்லி சாப்பிடுகிறாள், கொழுகொழுவென்று இருக்கிறாள். ஒன்பது மாதத் தடுப்பூசிக்குப் போனபோது ரத்தமும் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். நோய் நொடி இல்லாத குழந்தையை எதற்குக் குத்த வேண்டும்?
வாசகி, திண்டுக்கல்

பார்த்துவிடுங்கள். கருவில் இருக்கும்போது, முக்கியமாகக் கடைசி மூன்று மாதங்களில், குழந்தை தாயிடமிருந்து இரும்பை வாங்கிச் சேர்த்துக்கொள்கிறது. நிறைமாதக் குழந்தையின் உடலில் கிலோவுக்கு ஏறக்குறைய 75 மில்லிகிராம் இரும்பு இருக்கும். உங்கள் மகள் பிறக்கும்போது 225 மி.கி. அளவுக்குக் கொண்டு வந்திருப்பாள். நான்கு முதல் ஆறு மாதம் வரை அந்தக் கையிருப்பிலேயே காலம் ஓடிவிடும். அதற்குள் எடை இரட்டிப்பாகிவிடும், ரத்தத்தின் அளவும் கூடிவிடும், கையிருப்பு தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் லிட்டருக்கு 0.3 மி.கி. போலத்தான் இரும்பு உண்டு. அதில் பாதியைக் குழந்தை உறிஞ்சிக்கொள்கிறது. வேறு எந்தப் பாலிலும் இவ்வளவு உடலில் சேராது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு மேல் அது போதாது. தாய் இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் பாலில் இரும்பு கூடுவதில்லை. மீதி இரும்பு சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அரிசிக் கஞ்சியிலும் இட்லியிலும் அது மிகக் குறைவு.

கொழுகொழு உடம்பை வைத்து எதையும் சொல்ல முடியாது. வேகமாக எடை போடும் குழந்தைக்குத்தான் இரும்பும் வேகமாகச் செலவாகிறது. உள்ளங்கையும் கண் கீழிமையும் வெளிறித் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் ஹீமோகுளோபின் (சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள்) ஏற்கெனவே நன்றாகவே இறங்கியிருக்கும். உடம்பு தன்னிடம் உள்ள இரும்பை முதலில் சிவப்பணுக்களுக்குத்தான் ஒதுக்குகிறது. முதலில் சேமிப்பு வற்றும், அடுத்து ரத்தத்தில் ஓடும் இரும்பு குறையும், கடைசியில்தான் ஹீமோகுளோபின் இறங்கும். அந்த இடைப்பட்ட காலத்தில் மூளைக்குப் போக வேண்டிய பங்கு குறைந்துகொண்டிருக்கும். இந்த வயதில்தான் மூளையின் நரம்பிழைகள் உறை போர்த்திக்கொண்டு வளர்கின்றன. அதற்கு இரும்பு தேவை. கோஸ்டாரிகாவில் இரண்டு வயதுக்குள் நாள்பட்ட கடும் இரும்புக் குறைவு கண்ட குழந்தைகளைப் பெட்சி லோசாஃப் குழுவினர் 19 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். ரத்தசோகை சிகிச்சையில் சரியான பிறகும் அறிவுத்திறன் தேர்வுகளில் அவர்கள் பின்தங்கியே இருந்தார்கள். வறுமை போன்ற காரணங்களும் அதில் கலந்திருந்தன. ஆனாலும் முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்ல அது போதுமான காரணம்.

எல்லாக் குழந்தைகளுக்கும் பார்க்க வேண்டுமா என்பதில் மருத்துவ உலகில் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2010இல், ஒரு வயதையொட்டி எல்லோருக்கும் ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னது. அதே நாட்டின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2015இல், வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லச் சான்று போதாது என்றது. நம் ஊர் நிலை வேறு. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்று வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் பார்க்காமல் விடுவதற்கு நியாயம் இல்லை. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிக்கு எப்படியும் ஒன்பது மாதம் முடிந்ததும் போகிறீர்கள். அதே நாளில் முடித்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு இதற்காகப் பார்க்காதீர்கள். அந்த வயதில் எல்லாக் குழந்தைக்கும் ஹீமோகுளோபின் இயல்பாகவே டெசிலிட்டருக்கு 10 கிராம் பக்கம் இறங்கி, பிறகு ஏறும்.

அங்கன்வாடி முகாமில் விரலில் குத்திப் பார்த்ததில் பையனுக்கு 9.8. மறுநாள் டவுன் லேபில் கையில் ரத்தம் எடுத்ததில் 11.1. எதை நம்புவது?
வாசகர், விருத்தாசலம்

நரம்பில் எடுத்து, ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரத்தில் பார்த்ததை நம்புங்கள். முகாமில் வந்த எண்ணைப் பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம். மேலும் பார்க்க வேண்டிய குழந்தை இது என்று அது சொல்லியிருக்கிறது. முகாமின் வேலை அவ்வளவுதான்.

விரல் நுனி ரத்தத்தில் தவறு நேரும் இடங்கள் பல. குழந்தையின் கை சில்லென்று இருந்தால் ரத்தம் தானாக வராது. உடனே விரலைப் பிசைவார்கள். பிசைந்தால் ரத்தத்தோடு திசு நீரும் கலந்து எண் குறைந்துவிடும். தடவிய ஸ்பிரிட் காயாமல் குத்தினாலும் அதே கதை. வெதுவெதுப்பான துணியைக் கையில் மூன்று நிமிடம் சுற்றி, ஸ்பிரிட் தானாகக் காயும் வரை பொறுத்து, நடுவிரல் அல்லது மோதிர விரலின் நுனியில் சற்றுப் பக்கவாட்டில் குத்த வேண்டும். லான்செட் ஆழம் 1.5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் விரலில் குத்தக்கூடாது. குதிகாலின் ஓரம்தான் சரி. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாகத் திரளும் அடுத்த பெரிய சொட்டைக் கருவியின் சிறு குப்பி ஒரே இழுப்பில் நிரம்பும்படி தொட வேண்டும். பாதி நிரம்பியதன் மேல் மறுபடி நிரப்பினாலோ உள்ளே காற்றுக்குமிழி நின்றாலோ அந்தக் குப்பியை எறிந்துவிட்டு வேறு எடுக்க வேண்டும். முகாம் வரிசையில் இருபது குழந்தைகள் அழுதுகொண்டிருக்கும்போது இதில் ஒரு படி விட்டுப்போவது எளிது. சில இடங்களில் இன்னும் சாலி முறை உண்டு. அமிலத்தில் ரத்தத்தைக் கலந்து நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும் முறை அது. பார்ப்பவரைப் பொறுத்து எண் மாறும். கைக்குழந்தைக்கு அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

நாடளாவிய ஆய்வுகளிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். விரல்நுனி ரத்தம் எடுத்த 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் இந்தியா முழுக்க 67.1 சதவீதம் ரத்தசோகை. நரம்பு ரத்தம் எடுத்த 2016–18 விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் ஒன்று முதல் நான்கு வயதினரில் 41 சதவீதம். வயது வரம்பு ஒன்றல்ல என்பதும் உண்மை. ஆனால் ரத்தம் எடுத்த முறையும் ஒரு காரணம்.

லேபும் தவறும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் விழுந்ததும் மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சிறு கட்டி உறைந்து எண்ணிக்கை முழுவதும் பிசகிவிடும். பெரியவர்களுக்கான 2 மி.லி. குழாயில் அரை மி.லி. ரத்தத்தை விட்டாலும் ரத்தம் உறையாமல் இருக்கக் குழாயில் போட்டிருக்கும் மருந்தின் விகிதம் கெடும். குழந்தைகளுக்கான 0.5 மி.லி. சிறு குழாய் இருக்கிறதா என்று முன்பே கேட்டுப் போங்கள். முகாமில் 7க்குக் கீழ் வந்தால் மட்டும் லேப் தேடி அலைய வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ரிப்போர்ட்டில் ஐந்து இடத்தில் குறைவு என்று அடித்துத் தந்திருக்கிறார்கள். பத்து மாதக் குழந்தை. எச்பி 10.9, எம்.சி.வி. 74. பயமாக இருக்கிறது.
வாசகி, ஓசூர்

பல லேபுகள் பெரியவர்களுக்கான அளவையே எல்லா ரிப்போர்ட்டிலும் அச்சிடுகின்றன. அதில் எச்பி, அதாவது ஹீமோகுளோபின், 12க்கு மேல் இருக்க வேண்டும், எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 80க்கு மேல் இருக்க வேண்டும் என்றிருக்கும். பத்து மாதக் குழந்தைக்கு எம்.சி.வி. 70க்குக் கீழ் போனால்தான் குறைவு, 74 இயல்பு. ஆறு முதல் 23 மாதம் வரை டெசிலிட்டருக்கு 10.5 கிராமுக்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் எல்லையை மாற்றியது. 9.5 முதல் 10.4 வரை லேசானது. 7 முதல் 9.4 வரை நடுத்தரம். 7க்குக் கீழ் கடுமை. அதற்கு முன் எல்லை 11. நம் நாட்டில் 2018இல் தொடங்கிய அனீமியா முக்த் பாரத் என்னும் ரத்தசோகை ஒழிப்புத் திட்டமும் 11ஐ வைத்தே எழுதப்பட்டது. உங்கள் குழந்தை இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் நிற்கிறது. இங்கே ஹீமோகுளோபினைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பயனில்லை. அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

எச்பி நன்றாக இருந்தும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்வது ஏன்? பணம் பிடுங்கவா? அதற்கு வெறும் வயிறு வேண்டுமா?
பலர்

உடம்பின் இரும்புச் சேமிப்பில் எவ்வளவு மிச்சம் என்று ஃபெரிட்டின் காட்டும். முதலில் வற்றுவதும் அதுதான். எல்லாக் குழந்தைக்கும் அது தேவையில்லை. ஊசிக்கு முன் சில கேள்விகள் கேட்டாலே யாருக்குத் தேவை என்று தெரிந்துவிடும். குறைமாதமா, இரட்டையா, பிறந்த எடை இரண்டரைக் கிலோவுக்குக் கீழா? கர்ப்பத்தில் தாய்க்கு ரத்தசோகை இருந்ததா? ஒரு வயதுக்குள் பசும்பாலோ எருமைப்பாலோ பிரதானமாகக் கொடுக்கிறீர்களா? ஆறு மாதம் தாண்டியும் திட உணவு சரியாகத் தொடங்கவில்லையா? வீட்டில் அசைவமே கிடையாதா? இவற்றில் ஒன்றிரண்டுக்கு ஆம் என்றால் எச்பி 11.2 இருந்தாலும் ஃபெரிட்டின் பார்ப்பது பணத்துக்குத் தகும். எச்பி 9 இருந்து, எம்.சி.வி.யும் குறைந்து, கதையும் பொருந்தி வந்தால் ஃபெரிட்டினுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கி, நான்கு வாரத்தில் எச்பி ஏறுகிறதா என்று பார்ப்பதும் சரியான வழியே. ஏறினால் அதுவே நோயறிதல்.

ஃபெரிட்டின் லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் இரும்புக் குறைவு. ரிப்போர்ட்டில் மில்லி லிட்டருக்கு நானோகிராம் என்று போட்டிருந்தாலும் எண் அதேதான். காய்ச்சலோ சளியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். அப்போது 25 என்று வந்தால் அதை நம்பி விட்டுவிடக் கூடாது; நோய்த்தொற்று இருக்கும்போது எல்லை 30. அதனால்தான் கூடவே சி.ஆர்.பி. பார்க்கிறார்கள். அது லிட்டருக்கு 5 மி.கி.க்கு மேல் இருந்தால் உடம்பில் அழற்சி இருக்கிறது என்று பொருள். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்தால் இந்தக் குழப்பமே வராது. சீரம் அயர்ன் மட்டும் தனியாகப் பார்ப்பது வீண். காலைக்கும் மாலைக்கும் மாறும். முதல் நாள் கொடுத்த மருந்தாலும் மாறும்.

வெறும் வயிறு வேண்டாம். பால் குடித்துத் தெம்பாக இருக்கும் குழந்தைக்குத்தான் நரம்பும் எளிதில் கிடைக்கும்.

பேரனுக்கு எச்பி 9.6. தினம் பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் கொடுக்கிறேன். கறிக்கடையில் சுவரொட்டி வாங்கிக் கொடுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மருந்து இல்லாமல் சாப்பாட்டிலேயே ஏற்றிவிட முடியாதா?
ஒரு பாட்டி, மதுரை

பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. நூறு கிராம் மாதுளையில் 0.3 மி.கி., பீட்ரூட்டில் 0.8 மி.கி. அளவில்தான் இரும்பு. சிவப்பு நிறத்துக்கும் ரத்தத்துக்கும் தொடர்பு கிடையாது. பேரீச்சையிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. இனிப்பும் சக்தியும் தரும், அவ்வளவுதான். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். பழைய சிவப்பணுக்கள் உடைபடும் இடம் என்பதால் அதில் இரும்பு ஏராளம். ஈரலிலும் நிறைய உண்டு. இறைச்சியில் உள்ள இரும்பில் 15 முதல் 35 சதவீதம் வரை உடம்பில் சேரும். கீரை, தானியத்தில் உள்ளதில் பெரும்பாலும் பத்து சதவீதம்கூடச் சேராது. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குச் சுவரொட்டியோ ஈரலோ நன்றாக வேகவைத்து, அம்மியிலோ மிக்சியிலோ மையாக அரைத்து, சோற்றில் ஒன்றிரண்டு தேக்கரண்டி பிசைந்து கொடுக்கலாம். உள்ளே சிவப்பு தெரியாத அளவுக்கு வேக வேண்டும். ஈரல் வாரம் ஒரு முறை போதும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். அளவு மீறினால் அதுவும் கெடுதல்.

கேழ்வரகில் இரும்பு இருந்தாலும் அதிலுள்ள ஃபைட்டிக் அமிலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து வறுத்து அரைத்தால் அந்தப் பிடி தளரும். முளைகட்டாத மாவைக் காட்டிலும் அந்தக் கூழ்தான் குழந்தைக்கு. முருங்கைக்கீரை, பருப்போடு கடைசியில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டோ நெல்லிச்சாறோ சேர்த்தால் இரும்பு சேர்வது நன்றாகக் கூடும். டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். டீயின் துவர்ப்பு இரும்பை அப்படியே தடுத்துவிடும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. பேரீச்சையைத் தேனில் ஊறவைத்ததும் கூடாது. தேனில் வரும் கிருமி விஷம் கைக்குழந்தையின் நரம்புகளை முடக்கும்.

பசும்பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதுதான் பல வீடுகளில் உண்மைக் காரணம். அதில் இரும்பு மிகக் குறைவு, சேர்வது அதிலும் குறைவு, அதன் கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் தடுக்கிறது. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியவும் செய்யும். காய்ச்சிய பாலில் இந்தக் கசிவு குறையும்; மற்ற மூன்றும் மாறாது. அதோடு வயிறு பாலிலேயே நிரம்பிவிடுவதால் குழந்தை சோறு கேட்காது. ஒரு வயது வரை குடிக்கப் பசும்பால் வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம்.

ஆனால் 9.6க்குச் சாப்பாடு மட்டும் போதாது. எட்டு கிலோ குழந்தைக்கு நாளைக்கு 24 மி.கி. இரும்பு கொடுத்துத்தான் குறைவை ஈடுகட்ட முடியும். அது கால் கிலோ கோழி ஈரலில் இருக்கும் அளவு. பச்சைக் குழந்தை அதைச் சாப்பிட முடியாது, சாப்பிடவும் கூடாது. மருந்து குறைவை நிரப்பட்டும். உங்கள் சமையல் மறுபடி குறையாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

பதினோரு மாத மகனுக்கு எச்பி 9.4. இரண்டு மாதம் டானிக் கொடுத்தும் 9.6தான். எடை எட்டரை கிலோ. வேறு டானிக் மாற்றலாமா?
வாசகர், திருப்பூர்

மாற்றுவதற்கு முன் கையில் இருக்கும் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். ‘எலிமென்டல் அயர்ன்’, அதாவது மருந்தில் உள்ள இரும்பின் அளவு மட்டும், என்று ஓர் எண் இருக்கும். உப்பின் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் பெரிய எண்ணைக் கணக்கில் எடுக்கக் கூடாது. நமக்கு வேண்டியது இந்தச் சிறிய எண்தான். சிகிச்சை அளவு கிலோவுக்கு நாளுக்கு 3 மி.கி.; உங்கள் மகனுக்கு 25 மி.கி. போல. சொட்டு மருந்து மி.லி.க்கு 10 மி.கி. என்றால் இரண்டரை மி.லி. வேண்டும். சிரப் 5 மி.லி.க்கு 30 மி.கி. என்றால் 4 மி.லி. கொஞ்சம் கூட. சொட்டு மருந்துக்குச் சொன்ன அளவைச் சிரப்புக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். ஒரு மி.லி. சிரப்பில் 6 மி.கி.தான் போயிருக்கும், எச்பி ஏறாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை. அளக்க வீட்டுக் கரண்டி வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்சு எடுங்கள்.

அடுத்தது, எப்போது கொடுக்கிறீர்கள்? பாலோடு கலந்து கொடுத்தால் பெரும்பகுதி வீண். பால் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த வேளைக்கு ஒரு மணி நேரம் முன், நாளுக்கு ஒரே வேளை கொடுத்தால் போதும். வாந்தி எடுத்தால் மட்டும் கொஞ்சம் சோறு ஊட்டிவிட்டுக் கொடுங்கள். மலம் கருப்பாகப் போவது இயல்பு. பயந்து நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்குங்கள். எந்த வகை மருந்து என்பதிலும் வேறுபாடு உண்டு. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, விலை குறைந்த சாதாரண ஃபெரஸ் சல்ஃபேட்தான் சுவையான பாலிசாக்கரைடு வகையைவிட எச்பியை நன்றாக ஏற்றியது.

அளவும் நேரமும் சரியாக இருந்து, நான்கு வாரத்தில் எச்பி 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் இது இரும்புக் குறைவுதானா என்று சந்தேகிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எம்.சி.வி. 66, எண்ணிக்கை 42 லட்சம் (4.2 மில்லியன்) என்றால் 66ஐ 4.2ஆல் வகுக்க 15.7, பதிமூன்றுக்கு மேல், இரும்புக் குறைவின் பக்கம். எம்.சி.வி. 62, எண்ணிக்கை 56 லட்சம் என்றால் 11. பதிமூன்றுக்குக் கீழ், தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறை) மரபுக்கூறு இருக்கலாம். அளவில் சிறிய அணுக்கள் எண்ணிக்கையில் அதிகமாக இருப்பது அதன் அடையாளம். இது வழிகாட்டும் கணக்குதான், தீர்ப்பு இல்லை. உறுதிசெய்ய எச்.பி.எல்.சி. என்னும் பரிசோதனை உண்டு. ஹீமோகுளோபின் வகைகளின் அளவை அது பிரித்துக் காட்டும். ஒரு வயதுக்குள் அந்த அளவுகள் நிலைபெறுவதில்லை. இரும்புக் குறைவும் அந்த அளவைக் கீழே இழுத்து, தலசீமியா மரபுக்கூறை மறைத்துவிடும். எனவே முதலில் தாய்க்கும் தகப்பனுக்கும் பார்ப்பது சுலபம், தெளிவும் கிடைக்கும். நீலகிரி மலைவாழ் சமூகத்தவர் என்றால் சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் வடிவாகும் பரம்பரை நோய்) பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். தலசீமியா மரபுக்கூறு மட்டும் இருந்து ஃபெரிட்டின் போதுமான அளவு இருந்தால் இரும்பு மருந்து தேவையே இல்லை.

மருந்து வேலை செய்து எச்பி இயல்புக்கு வந்ததும் பாட்டிலை மூடி வைத்துவிடாதீர்கள். சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் வேண்டும். ஏறியதும் நிறுத்தி, அரை வருடத்தில் பழைய எண்ணோடு திரும்பி வரும் குழந்தைகளைத் தடுக்க வேறு வழியில்லை.

அழுதால் மூச்சடைத்து நீலமாகிவிடுகிறாள், பதினான்கு மாதம். இதற்கும் இரும்புக்கும் தொடர்பு உண்டா?
வாசகி, காரைக்குடி

உண்டு. மூச்சடைப்பு வரும் குழந்தைகளில் இரும்புக் குறைவு அதிகம் காணப்படுகிறது; சரிசெய்தால் பலருக்கு அடைப்பு குறைகிறது. ரத்த எண்ணிக்கையும் ஃபெரிட்டினும் பாருங்கள். வலிப்பு, இதயக் கோளாறு இல்லை என்று ஒரு முறை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். மண், சுண்ணாம்பு தின்னும் குழந்தைக்கும் இதே பரிசோதனை.

34 வாரத்தில் பிறந்தவன், 1.9 கிலோ. இப்போது ஐந்து மாதம், ஐந்தரை கிலோ. ஒரு வயதில் பார்த்தால் போதுமா?
வாசகி, சேலம்

போதாது. தாயிடமிருந்து இரும்பு வாங்கும் கடைசி வாரங்கள் அவனுக்குக் கிடைக்கவில்லை. கையிருப்பு இரண்டு மூன்று மாதத்திலேயே தீர்ந்திருக்கும். தாய்ப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைக்கு ஒரு மாதம் முதல் ஒரு வயது வரை கிலோவுக்கு 2 மி.கி. இரும்பு தினமும் கொடுப்பது வழக்கம், பரிசோதனைக்காகக் காத்திருப்பதில்லை. இன்றைய எடைக்கு 11 மி.கி. இங்கே பெரும்பாலும் நடக்கும் தவறு, இரண்டு கிலோவில் எழுதித் தந்த சொட்டு அளவையே ஐந்து கிலோவிலும் கொடுப்பது. ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் மருத்துவரிடம் அளவைத் திருத்தி வாங்குங்கள். எச்பி, ஃபெரிட்டினை இப்போதே பார்க்கலாமா என்று கேளுங்கள்; எப்படியும் ஒன்பதாம் மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அடுத்த பிரசவம் எதிர்பார்ப்பவர்களுக்கு ஒன்று: தாயும் சேயும் நலமாக இருந்தால் தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்து வெட்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஓடிவரும் ரத்தம் பல மாதத்துக்கான இரும்பைச் சேர்த்துவிடும்.

நாங்கள் சுத்த சைவம். எட்டு மாத மகளுக்கு எச்பி 8.8, எம்.சி.வி. 96. இரும்புச் சொட்டு எழுதித் தந்தார்கள். முன்பு உட்கார்ந்தவள் இப்போது உட்காரவில்லை.
வாசகி, கும்பகோணம்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். இரும்புக் குறைவில் அணுக்கள் சிறுக்கும், பெருக்காது. எட்டு மாதத்தில் எம்.சி.வி. 96 என்பது மிகப் பெரிது. உட்கார்ந்த குழந்தை உட்காராமல் போவது, விரல் கணுக்கள் கருப்பது, கை நடுங்குவது, சிரிப்பும் முகம் பார்ப்பதும் குறைவது எல்லாம் வைட்டமின் பி12 குறைவின் அடையாளங்கள். அசைவம் சாப்பிடாத தாயிடம் பி12 குறைவாக இருந்தால் தாய்ப்பாலிலும் குறைவாகவே இருக்கும். குழந்தைக்கும் உங்களுக்கும் சேர்த்து பி12 அளவைப் பார்த்து, உடனே ஊசி தொடங்க வேண்டும்; தாமதித்தால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம். இரண்டு குறைவும் ஒன்றாக இருந்தால் எம்.சி.வி. நடுவில் நின்று இயல்பு போலக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரசு சிரப் கொடுக்கும் குழந்தைக்கும் ரத்தம் பார்க்க வேண்டுமா? தாய்மார்கள் பாட்டிலை எங்கே வேண்டுமானாலும் வைக்கிறார்கள். அதைப் பற்றியும் எழுதுங்கள்.
கிராம சுகாதார செவிலியர், தர்மபுரி மாவட்டம்

பார்க்க வேண்டும் சகோதரி. வாரம் இரண்டு முறை 1 மி.லி., ஒவ்வொன்றிலும் 20 மி.கி. இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் என்பது தடுப்பு அளவு. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள குழந்தைக்கு அது போதாது. தினசரி அளவு வேண்டும். நீங்கள் வீட்டுக்குப் போகும்போது பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். 50 மி.லி. பாட்டில் இருபத்தைந்து வாரத்தில் தீர வேண்டும். மூன்று மாதம் ஆகியும் கழுத்தளவு இருந்தால் கொடுக்கவில்லை என்று தெரிந்துவிடும். ஒரு மாதத்தில் காலியானால் அளவு தெரியாமல் ஊற்றியிருக்கிறார்கள். பல் கறுக்கிறது என்பவர்களுக்கு, கன்னத்தின் உட்புறம் பின்னால் விட்டு, மேலே கொஞ்சம் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் அடிக்கும் நாட்களில் நிறுத்தி, விட்டதும் தொடரலாம்.

பாட்டிலை வைக்கும் இடத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நன்றி. ஒரு முழு பாட்டிலில் 1,000 மி.கி. இரும்பு இருக்கிறது. கிலோவுக்கு 20 மி.கி. தாண்டினாலே விஷக் குறிகள் தொடங்கலாம். 60 தாண்டினால் உயிருக்கு ஆபத்து. எட்டு கிலோ குழந்தை ஒரு பாட்டிலைக் குடித்தால் கிலோவுக்கு 125. தாய்க்குத் தரும் மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மி.கி.; பளபளவென்று மிட்டாய் போல இருக்கும், பத்து மாத்திரையை விழுங்கினால் பத்துக் கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 60 என்ற அந்த எல்லை வந்துவிடும். அலமாரியில் பூட்டி வையுங்கள். ஜன்னல் திண்டும் தலையணை அடியும் வேண்டாம்.

குடித்துவிட்டது தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரம் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் அதில் ரத்தம் இருக்கும். பிறகு ஆறு மணி நேரத்துக்கு மேல் குழந்தை தேறிவிட்டது போலத் தோன்றும். அதை நம்பி வீட்டில் வைத்திருந்தால் அதன் பின் கல்லீரலும் ரத்த ஓட்டமும் தளர்ந்து நிலைமை மோசமாகும். பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோய், எத்தனை மணிக்கு நடந்தது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். எத்தனை மி.கி. உள்ளே போயிருக்கும் என்று கணக்கிட்டுத்தான் மாற்று மருந்து தேவையா என்று முடிவெடுப்பார்கள்.